கோட்டுக்குக் கீழே

பின்னத்தில்
கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி என்று
ஆறாம் வகுப்பில் எழுதிப்போட்டார்கள்.
மேலே எத்தனை பேர் என்று எல்லாரும் கேட்பார்கள்.
கீழே யார் யார் என்று
கேட்டவரில்லை.
அதுதான் என் வேலை.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி
நாகலூர் சுகாதார நிலையத்தில்
மருந்து அறைக்குப் பின்னால் ஒரு மேசை.
பக்கத்துக் களத்தில் மிளகு காய்கிற காரம்
மூக்கில் ஏறுகிறது.
மாவட்டத்திலிருந்து தாள் வந்திருக்கிறது:
இரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளோர் விழுக்காடு வேண்டும்,
அதற்கு முன்
தகுதியுள்ள நோயாளிகள் யாரென வரையறுத்து அனுப்புக.

தகுதி.
கடனுக்குக் கேட்பார்கள், வரனுக்குக் கேட்பார்கள்.
நோய்க்குமா?

முப்பது வயது நிரம்பியவர். எழுதினேன்.
பதிவேட்டில் பெயர் உள்ளவர். எழுதினேன்.
ஆண்டில் இருமுறையாவது வந்து
கைப்பட்டை கட்டிக்கொண்டவர்.
எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன், திறந்தேன்.

நீக்குவதில் எனக்குக் கூச்சமில்லை.
செத்தவரை வைத்திருந்தால்
கணக்கும் கூடவே செத்துப்போகும்.
கொட்டச்சேடு சடையப்பன் வாரம் இருமுறை இறங்கிப்போய்
சேலம் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார்.
எங்கள் மாத்திரையின் அளவுகோலை அவர்மேல் வைத்தால்
அவருக்கும் நியாயமில்லை, மாத்திரைக்கும் இல்லை.
சூலிகளுக்கு வேறு பதிவேடு, வேறு எண்.
இதெல்லாம் சரி.

ஆனால் ஆண்டிச்சி.
வேலக்காடையிலிருந்து தை மாதம் ஒருநாள் நடந்தே வந்தாள்.
நூற்றெழுபத்தெட்டு, கீழே நூற்றுநான்கு.
முப்பது மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு
குடகுக்குப் போகிற வேனில் ஏறிவிட்டாள்,
காப்பிப்பழம் பறிக்க.
ஒரே வருகை.
என் வாக்கியத்தில் இருக்கிற 'இருமுறையாவது'
அவள் பிடரியில் கைவைக்கிறது.
கதவுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அவளைப்போல் அறுபது பேர்.
அவர்கள் இல்லாவிட்டால்
நூற்றைம்பதில் நூற்றிருபத்தாறு: எண்பத்துநான்கு விழுக்காடு.
சேர்த்தால்
மேலே ஒருவரும் கூடுவதில்லை,
கீழே மட்டும் கனக்கிறது.
அறுபது.

"வந்தவங்களைப் பார்த்தேனான்னு கேளுங்க,
வராதவங்களுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"
என்றார் டாக்டர் யாழினி.
நாலு செவிலியர் வேலையை இரண்டு பேர் பார்க்கிற இடம் இது.
அவர் சொல்வதைத் தப்பென்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.
"எண்பத்துநாலுன்னா கேடயம் நிச்சயம் மேடம்"
என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து
மருந்தாளுநர் அருளப்பன்.

எல்லாரும் போனபிறகு
மேசையிலிருந்த கருவியைச் சும்மா என் கையில் கட்டினேன்.
நூற்றைம்பத்தாறு.
ஐந்து ரோட்டுக் கடையில்
சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிற மாத்திரை
தீர்ந்து மூன்று வாரம்.
வயது நாற்பத்தொன்று, பதிவேட்டில் பெயர் இல்லை.
எழுதிவைத்ததை என்மேல் போட்டுப் பார்த்தேன்.
கொள்ளவில்லை.

கோடு என்றால் மலையுச்சி என்றும் ஒரு பொருள்.
கடைசி பஸ் இறங்குகிறது.
ஒன்பதாம் வளைவில் சட்டென்று கீழே சேலம்,
சிதறிய விளக்குகள்.
அதில் எவ்வளவு எண்ணப்பட்டவை என்று
இங்கிருந்து தெரியாது.
முன்சீட்டில் யாரோ வாந்தியெடுத்தார்கள்,
கண்டக்டர் எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

மறுநாள் 'இருமுறையாவது' என்பதை அடித்து
'ஒருமுறையேனும்' என்று எழுதினேன்.
அப்போதும் நான் உள்ளே வரவில்லை.
டாக்டர் எண்ணை ரொம்பநேரம் பார்த்தார்,
பேனா கேட்டார்,
கையெழுத்துப் போட்டார்.
கேடயம் வேறு வட்டாரத்துக்குப் போனது.
அருளப்பன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆடியில், மழைக்கு நடுவே
ஆண்டிச்சி வந்தாள்.
முடிச்சை அவிழ்த்து மேசையில் கொட்டினாள்.
பதினொரு மாத்திரை மிச்சம்.
தலை சுத்துற அன்னைக்கு மட்டும் போட்டுக்கிட்டேன்,
தீர்ந்துபோச்சுன்னா
யாரைக் கேக்கறது என்றாள்.

கைப்பட்டையை அவளுக்குக் கட்டி
எண்ணை எழுதினேன்.
பிறகு பதிவேட்டில் அடுத்த வரியில்
என் பெயரை.